வாஷிங்டன் டிசிய காட்டுக்குள்ள டென்ட் போட்டுட்டே சுத்திப் பாக்கலாம், கிரீன்பெல்ட் பார்க் போறவங்களுக்கு

நாங்க நார்த் கரோலினால இருக்கோம். ஊர்லேருந்து அம்மா வந்திருந்தாங்க, பசங்களுக்கு லீவு, சரி வாஷிங்டன் டிசி கூட்டிட்டுப் போலாம்னு ஹோட்டல் தேடுனா அஞ்சு பேருக்கு ரெண்டு ரூம், அதுக்கு மேல பார்க்கிங்குக்கு தனியா, நாலு ராத்திரிக்கு கணக்கு போட்டுப் பாத்தா ஊருக்கு ஒரு ஆள் டிக்கெட் எடுத்துடலாம் போல இருந்துச்சு. அப்பதான் கிரீன்பெல்ட் பார்க் ஞாபகம் வந்தது. மேரிலாந்துல இருக்கு, டிசி நடு ஊர்லேருந்து 12 மைல்தான், நேஷனல் பார்க் சர்வீஸ் நடத்துற கேம்ப்கிரவுண்ட். நாங்க இதுவரைக்கும் ரெண்டு தடவ போயிட்டோம், முதல் தடவ பண்ண தப்பெல்லாம் ரெண்டாவது தடவ திருத்திக்கிட்டோம், அதனால கேக்குறவங்களுக்கு மொத்தமா ஒரே இடத்துல எழுதிடலாம்னுதான் இது.

முதல்ல இடத்தப் பத்தி. கிட்டத்தட்ட 1,100 ஏக்கர் காடு, சுத்தி முழுக்க ஊரு. ஒரு பக்கம் கெனில்வொர்த் அவென்யூ, இன்னொரு பக்கம் பால்டிமோர் வாஷிங்டன் பார்க்வே, பக்கத்துலயே பெல்ட்வே, அதாவது டிசிய சுத்திப் போற ரிங் ரோடு. ஒரு காலத்துல இதெல்லாம் புகையிலையும் சோளமும் போட்ட வயலு, போட்டுப் போட்டு மண்ணு சத்து போயி விட்டுட்டாங்க, அதுக்கப்புறம் காடு தானா வளந்து வந்திருக்கு. இப்ப பைன் மரம், ஓக் மரம், மானு, நரி எல்லாம் இருக்கு. கேம்ப்கிரவுண்ட்ல டென்ட் போடுற சைட் 170க்கு மேல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மேஜை, நெருப்பு போட ஒரு இரும்பு வளையம், பொதுவான பாத்ரூம், வெந்நீர் ஷவர், குடிக்கத் தண்ணி. கரண்ட் கிடையாது. ஆர்வி, அதாவது உள்ளயே படுத்துத் தூங்குற பெரிய வண்டி, வச்சிருக்கவங்களுக்கு கரண்ட் கனெக்ஷன் வேணும்னா பக்கத்துல காலேஜ் பார்க்ல செர்ரி ஹில் பார்க்னு தனியார் இடம் ஒண்ணு இருக்கு, அது வேற மாதிரி, நீச்சல் குளம் எல்லாம் வச்சிருப்பாங்க. டென்ட்டுக்கு எனக்கு கிரீன்பெல்ட்தான் புடிச்சிருக்கு.

புக்கிங் ரிக்ரியேஷன் டாட் கவ்ல. வெள்ளி சனி ராத்திரி சீக்கிரம் போயிடும், வார நாள் சுலபமா கிடைக்கும், சில லூப்ப, அதாவது வட்டமா சைட் இருக்குற பகுதிய, சீசனுக்கு ஏத்த மாதிரி மூடி வச்சிருப்பாங்க, அதனால மேப்ல எது திறந்திருக்குன்னு பாத்துட்டு எடுங்க. 62 வயசுக்கு மேல சிட்டிசனோ கிரீன் கார்டோ வச்சிருக்க பெரியவங்க கூட வந்தா அவங்களோட சீனியர் பாஸ்ல சைட் வாடகை பாதிதான், விசிட்டர் விசால வந்த அப்பா அம்மாவுக்கு அந்த பாஸ் கிடையாது. சைட் எடுக்குறப்ப ஒண்ணு மட்டும் கவனிங்க, பாத்ரூமுக்கு ரெண்டு மூணு சைட் தள்ளி எடுங்க. ஒட்டியே எடுத்தா ராத்திரி முழுக்க லைட்டும் கதவு சத்தமும், ரொம்ப தள்ளி எடுத்தா நடுராத்திரி பெரியவங்க எழுந்து டார்ச் புடிச்சுட்டு நடக்கணும். வண்டி சத்தமும் சொல்லிடுறேன், பெல்ட்வே பக்கத்துலங்கறதால ராத்திரி தூரத்துல கடல் இரைச்சல் மாதிரி கேட்டுட்டே இருக்கும், எனக்கு அது தாலாட்டு மாதிரி ஆயிடுச்சு, தூக்கம் லேசா இருக்கவங்க காதுக்குப் பஞ்சு கொண்டு போங்க.

எப்ப போறதுன்னு கேட்டா ஏப்ரல் கடைசி, மே, இல்லன்னா செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூலை ஆகஸ்ட்ல நம்ம மெட்ராஸ் புழுக்கம்தான், டென்ட்டுக்குள்ள ஃபேன் இல்லாம கஷ்டம், சாயங்காலம் இடி மழையும் வரும். செர்ரி பூக்குற மார்ச் கடைசியில பகல் நல்லா இருக்கும், ஆனா ராத்திரி குளிரு எலும்புக்குள்ள போகும், குழந்தைங்களோட வேண்டாம். இன்னொண்ணு, கேம்ப்கிரவுண்ட், டிசி மியூசியம் ரெண்டுமே ஃபெடரல் கவர்மெண்ட் பணத்துல ஓடுது, அங்க பட்ஜெட் சண்டை வந்து ஷட்டவுன் ஆனா ரெண்டும் மூடலாம், அந்த மாதிரி பேச்சு அடிபட்டா கேன்சல் பண்ற ரூல்ஸ் பாத்து வச்சுக்கோங்க.

வர்ற வழி, பெல்ட்வேல 23ஆம் நம்பர் எக்ஸிட், கெனில்வொர்த் அவென்யூ, அங்கேருந்து கிரீன்பெல்ட் ரோடு புடிச்சா பார்க் வாசல். வெளிச்சம் இருக்கப்ப வந்து சேருங்க, இத நான் கெஞ்சியே கேட்டுக்குறேன். நாலு மணிக்கு டென்ட் போட ஆரம்பிச்சா அஞ்சு மணிக்கு டீ குடிக்கலாம், ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சா வீட்ல சண்டைதான்.

டென்ட் போடுறதுல ஊர் சுத்துறவங்களுக்குன்னு ஒரு தனி விஷயம் இருக்கு. சாதாரணமா கேம்பிங் போறவங்க பகல்ல டென்ட் பக்கத்துலயே இருப்பாங்க, மழை வந்தா ஓடி வந்து ஜன்னல மூடுவாங்க. நாம காலைல போனா சாயங்காலம்தான் வருவோம். முதல் தடவ நாங்க காத்து வரட்டும்னு மேல இருக்குற மழை துணிய பாதி சுருட்டி விட்டுட்டுப் போயிட்டோம், மத்தியானம் மூணு மணிக்கு டிசில இடி இடிச்சப்பதான் நெஞ்சு திக்குன்னுச்சு. வந்து பாத்தா அஞ்சு ஸ்லீப்பிங் பேக்ல மூணு சொட்டச் சொட்ட, அன்னிக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் ஒரு லாண்டிரி கடைல டிரையர் முன்னாடி உக்காந்து பசங்க தூங்கி வழிஞ்சாங்க. அதனால வானம் எவ்வளவு நீலமா இருந்தாலும் கிளம்புறதுக்கு முன்னாடி மழை துணிய முழுசா இறக்கி நாலு மூலையும் இழுத்துக் கட்டுங்க, ஜிப் எல்லாம் மூடுங்க, ஸ்லீப்பிங் பேக்க சுருட்டி ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டுடுங்க. கீழ விரிக்கிற டார்ப் டென்ட்ட விட ஒரு விரக்கடை சின்னதா உள்ள மடிஞ்சிருக்கணும், வெளிய நீட்டிட்டு இருந்தா மழைத் தண்ணி அதுல புடிச்சு நேரா டென்ட்டுக்கு அடியில வந்துரும்.

பெரியவங்கள தரையில படுக்க வைக்காதீங்க. மடக்குற கேம்பிங் கட்டில் ஒண்ணு வாங்கிட்டுப் போனோம், அம்மாவுக்கு முட்டி வலி, கட்டில்லேருந்து எழுந்துக்க சுலபமா இருந்துச்சு. மூணாவது நாள் அவங்களே வீட்டு மெத்தைய விட இதுல நல்லா தூங்குறேன்னு சொன்னாங்க. பாஸ்போர்ட், நகை, லேப்டாப் எதையும் டென்ட்ல வைக்காதீங்க, ஜிப்புக்கு பூட்டு போட்டாலும் அது துணிதான்.

சாப்பாட்டுக்கு வரேன், இங்கதான் நெறைய மிச்சம் ஆகுது. முதல் நாள் ராத்திரிக்கு வீட்லேருந்தே சப்பாத்தியும் தக்காளி தொக்கும், வந்த களைப்புல யாரும் சமைக்க முடியாது. அப்புறம் ரெண்டு பர்னர் இருக்குற கேம்பிங் ஸ்டவ், மூணு லிட்டர் குக்கர், ஒரு வாணலி, இது போதும். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், இட்லி மொளகாப்பொடி, ரவை வறுத்து கடுகு தாளிச்சு கலந்து வச்ச உப்புமா மிக்ஸ், ஊறுகா, கூலர்ல தயிரும் பாலும். தயிரு கூலர்ல அடியில இருக்கணும், ஐஸ் தினம் ஒரு பை வாங்கிப் போடணும், பக்கத்துலயே கடை இருக்கு. ராத்திரி பத்துலேருந்து காலைல ஆறு வரைக்கும் சத்தம் போடக் கூடாதுங்கறது ரூல், நம்ம குக்கர் விசில் அந்தக் காட்டுக்குள்ள ரயில் மாதிரி கேக்கும், அதனால மறுநாள் மத்தியானத்துக்கு வேண்டிய சாதத்த முந்தின நாள் ஏழரை மணிக்கே வச்சு ஆற விட்டு கூலர்ல எடுத்து வச்சிடுவேன், காலைல சத்தமில்லாம புளிக்காய்ச்சல்ல கிளறி டப்பால அடைச்சா வேலை முடிஞ்சுது. ஒரு நாள் அப்படி மூணாவது விசில் வந்தப்ப சைட்டுக்குப் பின்னாடி புதர்ல ஒரு மான் தலையத் தூக்கி எங்களையே பாத்துச்சு, காது ரெண்டும் முன்னாடி மடிஞ்சு, வாயில பாதி இலை தொங்குது, நாலாவது விசில் வரைக்கும் அசையல, அம்மா அடுப்ப அணைச்சுட்டு அது போற வரைக்கும் மூடியத் திறக்கவே இல்ல.

படுக்கப் போறதுக்கு முன்னாடி சாப்பாடு சம்பந்தப்பட்டது எல்லாம், கூலர், அரிசி, பிஸ்கட், பாத்திரம் கழுவுன ஸ்பாஞ்சு வரைக்கும், கார்க்குள்ள போயிடணும். ரக்கூன் வரும், அதுக்கு கூலர் மூடி திறக்கத் தெரியும். விறக வீட்லேருந்து கொண்டு போகாதீங்க, மரத்தையே கொல்ற பூச்சி விறகு வழியாத்தான் ஊரு விட்டு ஊரு போகுது, எமரால்டு ஆஷ் போரர்னு ஒரு வண்டு இந்தப் பக்கத்து ஆஷ் மரத்தையெல்லாம் அழிச்சிருக்கு, பக்கத்து கடைலயே வாங்கிக்கோங்க. உண்ணி இருக்கு, மான் இருக்குற எடத்துல கண்டிப்பா இருக்கும், லைம் நோய் அதுல ஒரு வகை மூலமாத்தான் வருது. ட்ரெயில் நடந்துட்டு வந்தா முட்டிக்குப் பின்னாடி, காதுக்குப் பின்னாடி, இடுப்புல, குழந்தைங்களுக்கு தலை முடிக்குள்ள எல்லாம் தடவிப் பாருங்க, புடவை கட்டுறவங்க கொசுவத்த உதறிப் பாருங்க.

இப்ப ஊருக்குள்ள போறது. கார எடுத்துட்டு டிசிக்குள்ள பகல்ல போகவே போகாதீங்க, பார்க்கிங் தேடியே பாதி நாள் போயிடும். பார்க்லேருந்து பத்து நிமிஷத்துல கிரீன்பெல்ட் மெட்ரோ ஸ்டேஷன், பச்சை லைனோட கடைசி ஸ்டேஷன், வண்டி அங்கேருந்துதான் கிளம்புது, அதனால காலைல எல்லாருக்கும் உக்கார எடம் கிடைக்கும். பெரிய பார்க்கிங் இருக்கு, சனி ஞாயிறு ஃப்ரீ, வார நாள்ல காசு. மெட்ரோ டிக்கெட்டுக்கு இருக்குற ஸ்மார்ட்ரிப் கார்ட போன்லயே போட்டுக்கலாம், ஆனா ஆளுக்கு ஒண்ணு வேணும், ஒரே கார்ட வச்சு அஞ்சு பேரு உள்ள போக முடியாது. 5 வயசுக்கு கீழ இருக்க குழந்தைங்களுக்கு டிக்கெட் இல்ல, டிக்கெட் எடுத்த ஒரு பெரியவர் கூட ரெண்டு குழந்தை வரைக்கும். ரயில்ல சாப்பிடக் கூடாது, காபி கூட குடிக்கக் கூடாது, நம்ம பழக்கத்துல முறுக்கு பொட்டலத்தப் பிரிச்சிடாதீங்க. அரை மணி நேரத்துல ஆர்கைவ்ஸ் ஸ்டேஷன், வெளிய வந்தா நேஷனல் மாலுக்கு நடந்துரலாம், மால்னா கடை இல்ல, ரெண்டு பக்கமும் மியூசியம் இருக்குற நீளமான புல்வெளி. தெற்குப் பக்கத்து மியூசியம்னா இன்னும் ஒரு ஸ்டேஷன் தள்ளி லான்ஃபான்ட் பிளாசா.

ஸ்மித்சோனியன் மியூசியம் எல்லாமே ஃப்ரீ, பெரும்பாலும் காலைல 10 மணிலேருந்து சாயங்காலம் 5:30 வரைக்கும், டிசம்பர் 25 மட்டும் லீவு. ஏர் அண்ட் ஸ்பேஸ் மியூசியத்துக்கு காசு இல்ல ஆனா நேரம் போட்ட பாஸ் ஆன்லைன்ல முன்கூட்டியே எடுக்கணும், கேம்ப்கிரவுண்ட் புக் பண்றப்பவே இதையும் காலண்டர்ல குறிச்சு வச்சுக்கோங்க, நாங்க முதல் தடவ வாசல்ல நின்னு திரும்பி வந்தோம்.

வாசல்ல பைய செக் பண்ணுவாங்க. இங்க ஒண்ணு நல்லா கவனிங்க, கேம்பிங் பையும் ஊர் சுத்துற பையும் தனித்தனியா இருக்கணும். காலைல வெங்காயம் நறுக்குன மடக்கு கத்திய இவரு பழக்கத்துல பையோட பக்கத்து ஜிப்ல போட்டுட்டாரு, ஒரு மியூசியம் வாசல்ல எக்ஸ்ரேல புடிச்சுட்டாங்க. அவங்க மரியாதையாத்தான் சொன்னாங்க, ஆனா கத்திய உள்ளயும் விட முடியாது, அங்க வாங்கி வைக்கவும் முடியாது. கார் இருக்குறது 12 மைல் தள்ளி. கடைசில நாங்க நாலு பேரு உள்ள போக இவரு ரெண்டு மணி நேரம் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தாரு, அப்புறம் நான் கத்தியோட உக்கார அவரு போயிட்டு வந்தாரு. தீப்பெட்டி, லைட்டர், கத்திரி எல்லாத்துக்கும் சேத்துதான் சொல்றேன், ராத்திரியே ஊர்ப் பைய காலி பண்ணி தண்ணி பாட்டில், சாப்பாட்டு டப்பா, ஒரு மெல்லிசு துண்டு, மருந்து, பவர் பேங்க் மட்டும் வைங்க.

ஒரு நாளைக்கு ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு மியூசியம். ஹோட்டல்ல தங்குறவங்க குடுத்த காசுக்கு பாத்தாகணும்னு ராத்திரி வரைக்கும் ஓடுவாங்க, நமக்கு அந்த அவசரம் தேவையில்ல. எங்க கணக்கு, எட்டரைக்கு சைட்லேருந்து கிளம்பி, பத்து மணிக்கு கதவு திறக்கறப்ப உள்ள போயி, ஒரு மணிக்கு வெளிய வந்து மால்ல வரிசையா நிக்கிற எல்ம் மரத்தடியில புளியோதரை, அப்புறம் இன்னொரு ரெண்டு மணி நேரம், மூணரைக்கெல்லாம் திரும்ப ரயில். நாலு மணிக்கு மேல ஆபீஸ் விட்டு வர்ற கூட்டம், குழந்தைங்களோட நிக்க முடியாது. அஞ்சு மணிக்கு சைட்ல டீ போட்டுட்டு பசங்கள சைக்கிள் ஓட்ட விட்டா அவங்களுக்கு அதுதான் பெரிய சந்தோஷம், மியூசியத்துல அடங்கி ஒடுங்கி நடந்த காலுக்கு ஓடுறதுக்கு ஒரு எடம் வேணும் இல்லையா.

நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல ஹோப் வைரம் பாருங்க, 45.52 காரட், நீலம், நம்ம கோல்கொண்டா பக்கத்துலேருந்து போனது. 1958ல ஹாரி வின்ஸ்டன்ங்கற வைர வியாபாரி அத மியூசியத்துக்கு தபால்ல அனுப்பி வச்சாரு. அம்மாவுக்கு அத விட அடுத்த நாள்தான் பெரிய விஷயம். ஆசியன் ஆர்ட் மியூசியம் இருக்கு, கூட்டமே இருக்காது, பாஸும் வேண்டாம், நிறைய பேரு ஏர் அண்ட் ஸ்பேஸ்க்கு ஓடுற அவசரத்துல அத விட்டுடுறாங்க. அங்க ஒரு சோழர் காலத்து செப்புச் சிலை, பத்தாம் நூற்றாண்டு, பார்வதி கோலத்துல சோழ ராணி செம்பியன் மாதேவின்னு சொல்றாங்க, நாங்க போனப்ப காட்சியில வச்சிருந்தாங்க. அம்மாவுக்கு சொந்த ஊரு கோனேரிராஜபுரம் பக்கம். அந்த ஊரு உமாமகேஸ்வரர் கோயில புருஷன் கண்டராதித்தர் நினைவா கல்லுல கட்டுனதே செம்பியன் மாதேவிதான். நான் பேரப் படிச்சுச் சொன்னதும் அம்மா செருப்ப கழட்டப் போனாங்க, அப்புறம் எடம் ஞாபகம் வந்து அப்படியே நின்னாங்க. நீளமான கை, ஒடிசலான இடுப்பு, ஒரு கை கீழ தொங்குது, விரல் நுனி மட்டும் லேசா மேல வளைஞ்சிருக்கு. "நம்ம கோயில கட்டுனவடி இவ, இங்க வந்து நிக்கிறா பாரு"ன்னு சொல்லிட்டு அம்மா அரை மணி நேரம் அந்த ரூம விட்டு வரல. 1929ல வாங்குனதுன்னு போட்டிருந்தது. அன்னிக்கு ஏர் அண்ட் ஸ்பேஸ் பாஸ விட்டுட்டோம், பரவால்ல.

மூணாவது நாள் காலைல ஊருக்கே போகாதீங்க. பார்க்குக்குள்ளயே டாக்வுட் ட்ரெயில் 1.4 மைல், பெரியவங்களும் நடக்கலாம், பெரிமீட்டர் ட்ரெயில் 5 மைலுக்கு மேல, அது நடக்கப் புடிச்சவங்களுக்கு. அப்புறம் குளிச்சுட்டு லான்ஹம் போங்க, கார்ல கால் மணி நேரம் கூட ஆகாது, ஸ்ரீ சிவா விஷ்ணு கோயில், நம்ம ஊர் கோபுரம் மாதிரியே கட்டியிருக்காங்க, அதுக்குப் பக்கத்துலயே முருகன் கோயிலும். வீக்எண்ட்ல சிவா விஷ்ணு கோயில் கேன்டீன்ல இட்லி தோசை கிடைக்கும், மூணு நாளா ஸ்டவ் முன்னாடி நின்னவங்களுக்கு அந்த தோசையோட அருமை தெரியும். ராக்கெட் புடிச்ச பசங்க இருந்தா நாசாவோட காடர்ட் சென்டர் இதே கிரீன்பெல்ட்லதான் இருக்கு, விசிட்டர் சென்டர் திறந்திருக்கான்னு பாத்துட்டுப் போங்க.

அன்னிக்கு சாயங்காலம் சீக்கிரம் சாப்பிட்டுட்டு எட்டு மணிக்கு மேல கார்லயே டிசி போங்க, இந்த ஒரு ராத்திரி மட்டும் கார் சரி, அந்த நேரத்துல பார்க்கிங் கிடைக்கும், பெரியவங்க நடக்கற தூரமும் குறையும். லிங்கன் மெமோரியல் 24 மணி நேரமும் திறந்திருக்கும். படியில உக்காந்தா நேரா எதிர்ல தண்ணி, அதுக்கு அப்பால 555 அடி வாஷிங்டன் மானுமென்ட் வெளிச்சத்துல நிக்கும். பகல்ல பாத்தது போதும்னு நெனைக்காதீங்க, இது வேற. ஆனா திரும்பி சைட்டுக்கு வர்றப்ப பத்து தாண்டிடும், அதனால கார் ஹெட்லைட்ட பக்கத்து டென்ட் மேல அடிக்காம திருப்புங்க, கதவ டமார்னு சாத்தாதீங்க, பல்லு தேய்க்கிற பிரஷ், நைட்டி, டார்ச் எல்லாம் ஒரு சின்னப் பைல முன் சீட்லயே இருக்கட்டும்.

சின்னச் சின்ன விஷயம் சிலது. போன் சார்ஜ் ஸ்டேஷனுக்குப் போக வர கார்லயே பாதி ஏறிடும், ரெண்டு பெரிய பவர் பேங்க் இருந்தா நாலு நாள் ஓடும். ஷவர்ல செருப்பு போட்டுக்கோங்க, காலைல ஏழு மணிக்கு கூட்டம், ராத்திரி ஒன்பதுக்கு காலி. துணி காயப் போட மரத்துல கயிறு கட்டாதீங்க, மடக்குற ஸ்டாண்ட் ஒண்ணு கொண்டு போயிடுங்க, அம்மாவோட காட்டன் புடவை அதுல ரெண்டு மடிப்பா போட்டே காஞ்சுது.

கிளம்புற அன்னிக்கு காலைல டென்ட் அடியில பனி ஈரம் இருக்கும், காய வைக்க நேரம் இல்லன்னா ஈரத்தோடயே சுருட்டி பெரிய குப்பை பையில போட்டு எடுத்துட்டு வந்துடுங்க. ஆனா வீட்டுக்கு வந்த அன்னிக்கே, எவ்வளவு அசதியா இருந்தாலும், கராஜ்ல விரிச்சுப் போட்டுட்டு அப்புறமா போய் படுங்க, ரெண்டு நாள் விட்டா பூஞ்சை புடிச்ச நாத்தம், அது எத்தன தடவ அலசுனாலும் போகாது.